23 பிள்ளைகள், ஒரு டீச்சர்: ஒவ்வொருவரோட பலத்தையும் எப்படிக் கண்டுபிடிச்சு வளர்க்கிறது?

பாமணியாறு (கேள்வி)

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு அங்கன்வாடி. இரண்டரை வயதிலிருந்து ஐந்தரை வரை 23 பிள்ளைகள், ஒரே ஹால். நான் ஒருத்தி, சமையலையும் சேர்த்துப் பார்க்கிற ஆயாம்மா ஒருத்தர்.

பாதிப் பிள்ளைகள் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிற வீடு. ஐந்து பேருக்கு அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். அப்பாயியோ அம்மாச்சியோதான் வளர்க்கிறார்கள். அரிசி ஆலையில் வேலை செய்கிற பீகார் குடும்பத்துப் பையன் ஒருவன், மூன்றரை வயது, ஜூனில் சேர்ந்தான். செப்டம்பர் ஆகியும் வாய் திறக்கவில்லை. நாலு வயதுப் பெண் ஒருத்தி எதற்கும் இடது கையைத்தான் நீட்டுகிறாள், வீட்டில் அதற்கு அடி விழுகிறது. இன்னொரு பையன், நாலரை வயது, வேலி தாண்டுவான், மதகு மேல் ஏறி நிற்பான். கிரையானைக் கொடுத்தால் மட்டும் தூக்கி எறிவான்.

பயிற்சியில் "ஒவ்வொரு குழந்தையின் தனித்திறனையும் குடும்பப் பின்புலத்தையும் கருத்தில் கொள்ளவும்" என்கிறார்கள். அது சரி என்று மனசாரத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஒருத்தன் அழ, ஒருத்தி ஒண்ணுக்குப் போக, நாலு பேர் அடித்துக்கொள்ள, அதை எப்படிச் செய்வது? எந்தச் சீட்டில் எழுதுவது, எந்தப் பொருளை வைப்பது என்கிற அளவுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

அரசலாறு

டீச்சர், 23 பேரையும் தினமும் கவனிக்க முயன்றால் ஒருவரையும் கவனிக்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். மாதக் கடைசியில் ஒரு பிள்ளைக்கு நாலு குறிப்பு கையில் இருக்கும், அது போதும். இன்றைய நாலு பெயரைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வையுங்கள், ஆயாம்மாவுக்கும் தெரியட்டும்.

பெரிய நோட்டு வேண்டாம். நோட்டைத் தேடி எடுத்து, பக்கம் புரட்டுவதற்குள் அந்த விளையாட்டு முடிந்துபோகும். பழைய நோட்டுத் தாளை நாலாகக் கிழித்து, நூல் கட்டிய பென்சிலோடு ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, இடுப்புப் பக்கம் சேலையில் ஊக்கு குத்தி வைத்துக்கொள்ளுங்கள். எழுத நல்ல நேரம், ஆயாம்மா அடுப்புப் பற்றவைக்கப் போகும் முன்னால் இருக்கிற முக்கால் மணி நேரம். இரண்டாவது நல்ல நேரம், கை கழுவி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது. யார் யாருக்கு இடம் விடுகிறார்கள், யார் தட்டை எண்ணி வைக்கிறார்கள் என்று அப்போது நிறையத் தெரியும். எடை பார்க்கிற நாளும் போஷன் டிராக்கரில் (அங்கன்வாடி விவரங்களைப் பதிகிற செல்போன் செயலி) பதிவேற்றுகிற நாளும் இதற்கு ஒதுக்காதீர்கள், நடக்காது.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். "நன்றாக விளையாடினாள், சுட்டிப் பெண்" என்று எழுதினால் அது நம்முடைய அபிப்பிராயம், அவளைப் பற்றிய தகவல் அதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"செப். 12, காலை 9:50, மணல் மூலை. கொட்டாங்குச்சி ஐந்தைப் பெரிசிலிருந்து சிறிசாக வரிசை வைத்தாள். நாலாவதாக வைத்தது மூன்றாவதைவிடப் பெரிசு. பார்த்தாள், எடுத்தாள், இரண்டாவதுக்குப் பக்கத்தில் நுழைத்தாள். 'இது பெரிய அக்கா, இது நடு அக்கா' என்றாள்."

ஐந்தே வரிதான். அதிலிருந்து தெரிவதைப் பாருங்கள். ஐந்து பொருளை அளவு பார்த்து அடுக்கத் தெரியும். தவறைத் தானே கண்டு தானே திருத்திக்கொள்கிறாள், யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெரிசு சிறிசு என்கிற உறவை வீட்டு உறவோடு பொருத்துகிறாள், "நடு" என்கிற சொல் சரியான இடத்தில் விழுகிறது. அடுத்த அடியும் இதிலேயே இருக்கிறது: அளவு வித்தியாசம் குறைவாக இருக்கிற இரண்டு கொட்டாங்குச்சியைக் கூடுதலாகப் போட்டு ஏழாக்குங்கள். அதற்கு அடுத்த வாரம் ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற மூடி. குறிப்பு எழுதி மூன்று நாளுக்குள் இந்த அடுத்த அடியை வைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பிள்ளை வேறொன்றுக்குப் போயிருக்கும், சீட்டு வெறும் சீட்டாகக் கிடக்கும்.

மாதக் கடைசியில் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் எடுத்து உடல், மொழி, சிந்தனை, பழகுமுறையும் உணர்ச்சியும், கலை என்று ஐந்து கட்டம் போட்டு, எந்தச் சீட்டு எந்தக் கட்டத்துக்கு என்று குறியுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் உடனே "இதில் இவன் வீக்" என்று எழுதிவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த மாதம் அவனுக்கு அதற்கான பொருளோ வாய்ப்போ கிடைத்ததா என்பது. கலைக் கட்டம் 23 பேருக்குமே காலி என்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை, அலமாரியில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சத்தம் போடுகிற பிள்ளைக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் சீட்டு தானாகச் சேரும். அழாமல், அடிக்காமல், கேட்காமல் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஆறேழு பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த நாலு பேர் கணக்கே.

23 பேருக்கு 23 வேலை தயாரிக்கவும் வேண்டாம். ஒரே பொருள், மூன்று படி. தண்ணீர் ஊற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டி, அதில் ஐந்து லிட்டருக்கு மேல் போகாத தண்ணீர், டம்ளர், அரை லிட்டர், ஒரு லிட்டர் பாத்திரங்கள், ஒரு தடவைக்கு ஐந்து பிள்ளைகள். சின்னவர்கள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து அகல வாய்ப் பாத்திரத்தில் ஊற்றினால் போதும். மூன்று வயதைத் தாண்டியவர்களுக்குப் பாத்திரத்தின் வெளியே ஒரு கோடு ஒட்டி, அதுவரை ஊற்றச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் "இந்த லிட்டர் பாட்டில் எத்தனை டம்ளரில் ரொம்பும்?" என்று முதலில் கேளுங்கள், சொன்னதை விரலால் காட்டச் சொல்லுங்கள், பிறகு ஊற்றி எண்ணட்டும். ஊகம் தப்பினால் திருத்தாதீர்கள், இன்னொரு தடவை ஊகிக்க விடுங்கள்.

இதில் கெடுவது மூன்று இடத்தில். குறுகிய வாய் பாட்டிலைச் சின்னவர்களிடம் கொடுத்தால் வெளியே சிந்திச் சிந்தி இரண்டே நிமிஷத்தில் சலித்துப்போவார்கள். கீழே சாக்கு விரிக்காவிட்டால் தரை வழுக்கும். முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்தே ஆக வேண்டும். நாலு விரல்கடைத் தண்ணீர்கூடச் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

---

கடுவையாறு

அரசலாறு சொன்னது பலத்தைப் பற்றி. நான் பின்புலத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அது கத்தி முனையில் நடக்கிற விஷயம். டெல்டாவில் தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், தெருப் பெயரைச் சொன்னாலே தெரிந்துவிடும். வட்டமாக உட்காரவைத்து "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்பது புத்தகத்தில் நல்ல கேள்வியாக இருக்கலாம். இங்கே கேட்காதீர்கள். பறை அடிக்கிற வீட்டுப் பையனை எழுப்பி "நீ தாளம் போடுடா" என்பது பாராட்டு போலத் தெரியும், ஆனால் அது அவனை அவன் வீட்டு வாசலிலேயே கட்டிப்போடுகிற காரியம். அவனுக்குப் படம் வரைவதில் ஆசை இருக்கலாம். தாளத்தில் கெட்டி பக்கத்தில் இருக்கிற வேறொரு பெண்ணாக இருக்கலாம்.

நான் கடைப்பிடிக்கச் சொல்வது இதுதான்: பின்புலம் பொருளாக வகுப்புக்குள் வரட்டும், எல்லோர் கைக்கும் போகட்டும். பலத்தை மட்டும் தனிப் பிள்ளையின் பெயரில் எழுதுங்கள், அதுவும் கண்ணால் பார்த்த பிறகு.

அதற்கு ஒரு "வீட்டுப் பொருள் மூலை" போதும், 15 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். முறம், சின்ன உழக்கு, படி, வைக்கோல் பிரி, வாழைநார், கோரை, மீன்பிடி வலைத் துண்டு, பிரம்புக் கூடை, துணி தைத்து மிஞ்சிய துண்டுகள். எந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்ட வேண்டாம். நாற்று முடி கட்டுவதைப் போல வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிடித்துப் பிரியால் சுற்றுவதை நாலு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் விரும்பிச் செய்வார்கள். பத்து முடி கட்டி அடுக்கினால் அதுவே எண்.

பொருள்களில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. நரம்பு வலை விரலை அறுக்கும். தடித்த நூல் வலையில் ஒரு முழத் துண்டு வெட்டி, ஓரத்தை முடிந்துவிட்டுக் கொடுங்கள். எண்ணுவதற்குக் குன்றிமணி கொண்டுவர வேண்டாம், அது கடும் நஞ்சு. ஆமணக்குக் கொட்டையும் அப்படியே. பூத்தொடுக்க அரளி வேண்டாம், செடி முழுக்க நஞ்சு. கனகாம்பரமோ காகிதப்பூவோ இருக்கட்டும். நெல்லைக் கையளையக் கொடுத்தால் சுணை பட்டு அரிக்கும், கண்ணிலும் விழும். அரிசி, பயறு, புளியங்கொட்டை எல்லாம் மூன்று வயது தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. சின்னவர்கள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அளவு பார்க்க ஒரு வழி: பத்து ரூபாய் நாணயம் 2.7 செ.மீ. அகலம். அதைவிடச் சற்றே பெரிசாக, 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் ஒரு பொருள் முழுசாக நுழைந்தால் அது மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைக்குப் போகக் கூடாது.

மூலை அமைக்கிறேன் என்று கீற்றால் குடில் மட்டும் போடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தின்றது கீற்றுக் கூரைத் தீதான். பழைய சேலையைக்கூட அடுப்படியை விட்டு எட்டத்தில் கட்டுங்கள்.

சொற்களைப் பற்றி. நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. ஒரு பிள்ளை "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினால் அது தப்பல்ல, களத்தில் கேட்டது. "ஆமா, அளக்கும்போது லாபம். விரல் எண்ணும்போது ஒண்ணு" என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயி, அம்மாச்சி, ஆத்தா, அத்தா, வாப்பா எல்லாம் அப்படியே இருக்கட்டும். குடும்பம் என்கிற கருப்பொருள் வரும்போது "அப்பா அம்மா படம் வரை" என்று சொன்னால் உங்கள் ஐந்து பிள்ளைகளும் விழிப்பார்கள். "உன் வீட்டுல ராத்திரி யார் யார் படுப்பீங்க, அவங்களை வரை" என்றால் அப்பாயியும் ஆட்டுக்குட்டியும்கூடத் தாளில் வந்துவிடும்.

காலையில் "என்ன சாப்பிட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதையும் விட்டுவிடலாம். பழையது குடித்துவிட்டு வந்த பிள்ளை இட்லி என்று சொல்லிப் பழகும். சாப்பிடாமல் வந்தது யார் என்று தெரிய வேண்டுமென்றால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதோடு கேளுங்கள். வட்டத்தில் கேட்க "இன்னைக்கு உன் வீட்டுல முதல்ல என்ன சத்தம் கேட்டுச்சு?" போன்ற கேள்வி நல்லது. சேவல், டிராக்டர், பாங்கு, சுப்ரபாதம், அக்கா கத்தினது, எல்லாமே சம மரியாதையோடு வந்து விழும்.

பெற்றோரை வகுப்புக்குக் கூப்பிட நாள் பார்த்துக் கூப்பிடுங்கள். எங்கள் நாகப்பட்டினக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாக்களை அப்போதுதான் பகலில் பார்க்கலாம். உங்கள் பக்கம் என்றால் நடவு முடிந்து களை எடுக்கும் முன்னால் கிடைக்கிற இடைவெளி. வருகிறவரைப் பேசச் சொல்லாதீர்கள், கூச்சப்படுவார். 20 நிமிஷம் கையால் ஏதாவது செய்யச் சொல்லுங்கள்: முடிச்சுப் போடுவது, கயிறு திரிப்பது, கூடைக்கு விளிம்பு கட்டுவது. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும்.

---

முள்ளியாறு

ஒரு சின்ன யோசனை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரிக்கிற ஒரு கேள்வித்தாள் வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறதே. அதை ஒருநாள் வைத்துப் பிரித்துவிட்டால், மூன்று குழுவுக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்த வசதியாக இருக்காதா?

---

அரசலாறு

அது வேண்டாங்க. பிள்ளையை ஒரு "கற்கும் வகை"யில் சேர்த்து, அந்த வகையிலேயே சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 2008-ல் உளவியலாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் சொன்ன பல்வகை அறிவுத்திறனையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அவர் அறிவு ஒரே வகைதான் என்ற எண்ணத்தை மறுத்தார், பிள்ளைகளை வகை பிரிக்கக் கேள்வித்தாள் தரவில்லை.

நடைமுறையில் வருகிற கெடுதல் இன்னும் பெரிசு. மூன்றரை வயதில் "இவன் செய்து கற்பவன்" என்று எழுதிவிட்டால் அவனுக்குக் கதை சொல்வதைக் குறைத்துவிடுவோம். அவனுக்குத்தான் கதை அதிகம் தேவைப்படும். எல்லோருக்கும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் சேர்த்துக் கொடுங்கள். யார் எதில் அதிக நேரம் நிற்கிறார்கள் என்பதைச் சீட்டு சொல்லட்டும். மாதத்துக்கு மாதம் அது மாறவும் செய்யும்.

---

குடமுருட்டி

கேள்வியில் வந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேசாத பையன். முதலில் அவன் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வீட்டில் பேசுகிறானா? பீகார் என்றதும் இந்தி என்று முடிவு கட்டாதீர்கள், போஜ்புரியோ மைதிலியோ மகதியோ இருக்கலாம். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான் என்றால் கவலை வேண்டாம். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்தக் காலத்தில் "சொல்லு, சொல்லு" என்று நெருக்குவதுதான் அதை நீட்டிக்கும். கை காட்டினால் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, சொல்லை நீங்கள் சொல்லுங்கள்: அவன் டம்ளரைக் காட்டினால் "தண்ணி வேணுமா, இந்தா தண்ணி". அவன் பக்கத்துச் சொற்கள் நாலை நீங்களும் ஆயாம்மாவும் கற்றுக்கொள்ளுங்கள்: பானி (தண்ணீர்), பூக் (பசி), தர்த் (வலி), பஸ் (போதும்). இந்த நாலு தெரிந்தால் அவன் பயந்து அழுகிற நேரம் பாதியாகும். கும்மி, கைதட்டுப் பாட்டு, "குலைகுலையா முந்திரிக்கா" போலக் கூட்டமாகச் சொல்கிறவற்றில் தமிழ் முதலில் வெளியே வரும், ஏனென்றால் அங்கே அவன் குரல் தனியாகக் கேட்காது. பேச்சு அதிகம் உள்ள, அதிகாரம் செய்யாத ஒரு பிள்ளையை அவன் பக்கத்தில் உட்காரவையுங்கள். வீட்டில் தாய்மொழியை விட்டுவிட்டுத் தமிழில் பேசுங்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். முதல் மொழி கெட்டியாக இருந்தால்தான் இரண்டாவது அதன்மேல் ஏறும்.

வீட்டிலும் பேசவில்லை என்றால் விஷயம் வேறு. காது பார்க்க வேண்டும். பின்னால் நின்று கைதட்டி, திரும்பினான் என்றதும் "நல்லா கேக்குது" என்று விட்டுவிடுகிறோம். கைதட்டல் பலத்த ஓசை. ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளையும் அதற்குத் திரும்பும். காதில் சீழ் வருகிறதா, எப்போதும் வாயால் மூச்சு விடுகிறானா, பேசுகிறவர் முகத்தையே உற்றுப் பார்க்கிறானா என்று குறித்து வையுங்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். அடுத்த வருகை தள்ளி இருந்தால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு (பிள்ளைகளின் காது, பேச்சு, வளர்ச்சிக் குறைகளைப் பரிசோதிக்கிற இடம்) அனுப்பச் சொல்லுங்கள்.

இடது கைப் பெண். மாற்ற வேண்டாம், மாற்றவும் கூடாது. சாப்பாட்டை வலது கையால் சாப்பிட வேண்டும் என்பது வீட்டின் வழக்கம் என்றால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். சாப்பிட வலது, வரைய இடது என்று பிள்ளைகள் எளிதாகப் பிரித்துக்கொள்வார்கள். அம்மாவிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள், அடி குறையும். வரிசையில் அவளை இடது ஓரத்தில் உட்காரவையுங்கள், நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்கும். தாளை வலப்பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டை வளைத்துக் கொக்கி போலப் பிடித்து, எழுதியதைக் கையாலேயே அழிப்பாள். பொருளை அவளுக்கு நேர் நடுவில் வைத்து நீட்டுங்கள், எந்தக் கையால் எடுப்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும். சாதாரணக் கத்தரிக்கோல் இடது கையில் வெட்டாது, தாளை மடக்கும். அதை அவளுடைய திறமைக் குறைவாக எழுதிவிடாதீர்கள். தாளைக் கிழித்து ஒட்டுகிற வேலை கொடுங்கள், அல்லது இடது கைக் கத்தரி ஒன்று வாங்குங்கள்.

கிரையான் எறிகிறவன். மதகில் ஏறி நிற்கிற பையனுக்கு உடம்பில் குறை இல்லை, தோளும் காலும் நன்றாக வேலை செய்கின்றன. விரல்தான் இன்னும் பழகவில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று பலம் மேலிருந்து கீழே இறங்கி வரும். ஆகவே அவன் பலத்திலேயே தொடங்குங்கள். முதலில் சுவர். தண்ணீர் வாளி, இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ், வெளிச் சுவர். எட்டுகிற உயரம்வரை மேலும் கீழும் அடிக்கட்டும், வெயிலில் காய்ந்து மறைவதைப் பார்த்துத் திரும்பவும் அடிப்பான். இரண்டு வாரம் கழித்து அதே சுவரில் சாக்பீஸ். இதற்குள் களிமண்ணும் சேரட்டும். வாய்க்கால் மண்ணை அப்படியே அள்ள வேண்டாம், கண்ணாடிச் சில்லும் நத்தை ஓடும் இருக்கும். பானை செய்கிறவரிடம் மிதித்துப் பதப்படுத்திய மண் கிடைக்கும். ஒரு பிள்ளைக்குத் தேங்காய் அளவு கொடுங்கள். எலுமிச்சை அளவு கொடுத்தால் விரல்நுனி மட்டும்தான் வேலை செய்யும். தேங்காய் அளவு என்றால் எழுந்து நின்று உள்ளங்கையால் அழுத்தியாக வேண்டும்.

மண் கிடைக்காத மழை மாதத்துக்கு மாவு: மைதா இரண்டு டம்ளர், தூள் உப்பு ஒரு டம்ளர், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் முக்கால் டம்ளர் வரை கொஞ்சம் கொஞ்சமாக. உப்பைக் குறைத்தால் இரண்டாம் நாளே புளித்து நாறும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும், தொடவே மாட்டார்கள். தின்று பார்க்கிற வயதுக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் கவனம், உப்பு அதிகம்.

தாளுக்கு வரும்போது முழுக் கிரையான் வேண்டாம். ஓர் அங்குலத் துண்டாக ஒடித்துக் கொடுங்கள். துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் தானாகச் சரியான இடத்துக்கு வரும். தாளையும் தரையில் வைக்காமல் முதலில் சுவரில் ஒட்டுங்கள். இதெல்லாம் ஒன்றரை, இரண்டு மாத வேலை. அதற்குள் "அ எழுது" என்று யாராவது கையைப் பிடித்து இழுத்தால் எறிதல் திரும்ப வந்துவிடும். கூடவே அவனுக்கு நிஜமான ஒரு பொறுப்பு கொடுங்கள்: பாய்களைச் சுமந்து வந்து விரிப்பது, குடத்துக்கு அரை வாளித் தண்ணீர் கொண்டுவருவது. ஓடுகிறவனை உட்காரவைக்கக் கனமான பொருளைத் தூக்கவிடுவதைப் போல வேறு நல்ல வழி இல்லை.

---

பாமணியாறு

எல்லோருக்கும் நன்றி. பையன் வீட்டில் நன்றாகப் பேசுகிறானாம், போஜ்புரி. மனசு லேசாச்சு.

இன்னும் இரண்டு கேட்டுவிடுகிறேன். "தனியார் பள்ளி எல்கேஜியில் ஏபிசிடி எழுதுது, இங்க மண்ணுல விளையாடுது" என்று அம்மாக்கள் சொல்கிறார்கள். வயலிலிருந்து களைத்து வருகிறவர்களிடம் நீளமாக விளக்க முடியாது. அடுத்தது, அறுவடை முடிந்ததும் வாத்து மேய்க்கிற குடும்பங்கள், ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பிள்ளைகளோடு வந்து தங்குவார்கள். மூன்று வாரத்தில் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய முடியும்?

---

வளவனாறு

அம்மாக்களுக்கு விளக்கம் வேண்டாம், ஒரு வாக்கியமும் ஒரு பொருளும் போதும். பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது அன்றைய சீட்டிலிருந்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: "இன்னைக்கு அஞ்சு கொட்டாங்குச்சியை அளவா அடுக்குனா, ஒண்ணு தப்பாச்சு, அவளே மாத்திக்கிட்டா." "நல்ல பிள்ளை" என்பது காதில் நிற்காது, இது நிற்கும். வீட்டில் போய்த் தட்டு அடுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். குறை சொல்ல வேண்டிய நாளிலும் முதலில் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

எழுத்துக்கு: ஜூனில் வரைந்த கிறுக்கல் ஒன்று, செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு தாள், தேதி போட்டு ஒரே உறையில். பெற்றோர் கூடுகிற நாளில் அந்தந்தப் பிள்ளையின் உறையை அந்தந்த அம்மா கையில் மட்டும் கொடுங்கள். சுவரில் வரிசையாக ஒட்டினால் உடனே ஒப்பிடத் தொடங்குவார்கள், நல்ல எண்ணத்தில் செய்தது நாலு பேருக்கு அடியாக முடியும். கிறுக்கல் வட்டமாகி, வட்டத்துக்குக் கைகால் முளைத்திருப்பதைக் காட்டி "இந்த வட்டம் மூடத் தெரிஞ்ச கைதான் ட, ப எழுதும்" என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாத அப்பாயிக்கும் அது புரியும்.

நடவு நாட்களில் வருகை தாறுமாறாகும், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். சம்பா நடவு மும்முரமான வாரங்களில் புதிசாக எதையும் தொடங்காதீர்கள். விடிவதற்குள் அம்மா கிளம்பிவிடுவதால் பிள்ளை தூக்கம் கலையாமல், தலை வாராமல் வரும். முதல் அரை மணி நேரம் பாயும் தண்ணீரும் சீப்பும்தான் பாடம். அந்த வாரம் எழுதுகிற குறிப்பில் "சோர்வு, கவனமில்லை" என்று வந்தால் அருகிலேயே "நடவு வாரம்" என்று எழுதி வையுங்கள். மார்ச்சில் எடுத்துப் பார்க்கிறவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

வாத்துக்காரர், கிடைக்காரர் பிள்ளைகள் விஷயம். முகவரி நம் ஊரில் இல்லை என்பதற்காக அங்கன்வாடியில் சாப்பாட்டையும் விளையாட்டையும் மறுக்க முடியாது. போஷன் டிராக்கரில் இடம்பெயர்ந்தவரைச் சேர்க்க வழி இருக்கிறது, மேற்பார்வையாளரிடம் கேட்டு முதல் வாரமே சேர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாத அறிவு இருக்கும்: நூற்றுக்கணக்கான வாத்துகளில் நொண்டுவது எது என்று தூரத்திலிருந்தே சொல்லும், குரலை மாற்றி மாற்றிக் கூப்பிடும். ஆனால் முதல் நாளே அதைக் காட்டச் சொல்லிக் கூட்டம் கூட்ட வேண்டாம். களிமண் மூலையில் இடம் கொடுங்கள், தானாக வாத்து பிறக்கும்.

கிளம்பும்போது கையில் ஒரு அட்டை கொடுத்து அனுப்புங்கள். போஸ்ட்கார்டு அளவு, மழையில் நனையாமல் இருக்க மேலே செலோடேப். பிள்ளையின் பெயர், பிறந்த மாதம், வீட்டில் பேசும் மொழி, போட்ட தடுப்பூசி, கடைசி எடையும் உயரமும், பிடித்த இரண்டு விளையாட்டு, எதற்குப் பயப்படும், எப்படிச் சமாதானப்படுத்தலாம், கடைசியாகப் பார்த்த ஒரு திறமை. பத்து வரிக்கு மேல் போகக் கூடாது, போனால் அடுத்த ஊர் டீச்சர் படிக்க மாட்டார். தாய் சேய் நலப் புத்தகத்துக்குள் அம்மா கண் முன்னாலேயே வைத்துக் கொடுங்கள். கூடாரம் மாறும்போது மற்றவை தொலைந்தாலும் அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.